வேணாம் அக்கா கொடுத்த பிரேக்

மலையேறும் சாமான் விற்கிற கடையில் நின்றுகொண்டு, வருகிறவர்களில் பாதிப் பேரிடம் "இது உங்களுக்கு வேணாம்" என்று சொல்லுகிற ஆளை எந்த முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்வான்? அந்த மலையடிவார ஊரில் ஒருவன் வைத்துக்கொண்டான். இருபத்திரண்டு வருஷம், தலையில் அடித்துக்கொண்டே வைத்துக்கொண்டான். அவள் சாமான் கொடுத்து அனுப்பிய ஆட்கள் முழுசாகத் திரும்பி வந்தார்கள், அடுத்த வருஷம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டும் வந்தார்கள் என்பதுதான் காரணம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவள் வேணாம் அக்கா.

கடை நீளமான ஒற்றை அறை. ஒரு சுவர் முழுக்க பூட்ஸ், எதிர்ச் சுவரில் கயிற்றுச் சுருள்கள், நடுவில் பூட்ஸ் போட்டு ஏறி இறங்கிப் பார்க்க ஒரு சாய்வுப் பலகை, உத்தரத்தில் ஆள் தொங்குகிற கனத்துக்கு ஒரு கொக்கி. வாசலோரம் ஒரு பெஞ்சு உண்டு. வேலை இல்லாத வழிகாட்டிகள் அதில் உட்கார்ந்து டீ குடித்தபடி, வருகிறவர் போகிறவர்களை வாயாலேயே உரித்துத் தொங்கப் போடுவார்கள்.

புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, பனிமலைக்குப் போடுகிற கெட்டி பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்.

"எங்க போறீங்க?" என்பாள்.

"அருவி வரைக்கும்."

"அருவிக்கு இது எதுக்கு? ஒரு மணி நேரத்துல குதிகால் உரிஞ்சிடும். அப்புறம் இவருதான் உங்கள முதுகுல தூக்கிட்டு வரணும். தூக்குவாரா, கேட்டுக்குங்க."

மாப்பிள்ளை அசடு வழிவான். மெத்தென்று அகலமான செருப்பு மாதிரி ஒரு ஜோடியைக் கொடுத்து, சாய்வுப் பலகையில் கீழ்நோக்கி நடக்கச் சொல்லுவாள். இறங்கும்போது கட்டைவிரல் நுனியில் இடித்தால் அரை அளவு கூட்டுவாள். ஏதோ படத்தில் பார்த்துவிட்டு, நுனி வளைந்த இறுக்கமான பாறைச் செருப்பு வேண்டும் என்று ஒரு தொப்பைக்காரர் அடம் பிடிப்பார். "அது பத்து வருஷம் ஏறினவன் விரலை மடக்கி வெச்சுக்கிறது சார். உங்களுக்கு வேணாம். தட்டையா இருக்கிறதைப் போடுங்க, முதல்ல காலு பாறையை நம்பட்டும்" என்பாள். அவருக்கு மூக்கு சிவந்துவிடும். சிவந்தால் சிவக்கட்டும், அவளுக்கென்ன.

தொங்கும்போது ஆளைத் தாங்குகிற இடுப்புப் பட்டையை வாங்க வருகிறவர்கள் எல்லோரையும் கொக்கியில் ஐந்து நிமிஷம் தொங்கவிடுவாள். "சரியாத்தான் இருக்கு" என்று வாய் பொய் சொன்னாலும் தொடை பொய் சொல்லாது. இடுப்பு ஒடுக்கமானவர்களுக்கு நெஞ்சுப் பட்டையும் சேர்த்துத்தான் கொடுப்பாள், கனத்தவர்களுக்குக் கால் வளையம் அகலமானதை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அதே கடையின் பின்னறையில் பத்து வருஷம் தையல் மிஷினில் பை, பட்டை எல்லாம் தைத்தவள். எந்தத் துணி எந்த இடத்தில் நைந்து போகும் என்று தொட்டாலே தெரியும்.

எல்லாவற்றிலும் அவள் அதிகம் பார்த்தது பிரேக் விஷயத்தில். ஒருவன் பாறையில் ஏறுகிறான், வழியில் அடித்திருக்கிற வளையங்களில் கயிற்றை மாட்டிக்கொண்டே போகிறான் என்றால், அந்தக் கயிற்றின் மறுபாதி கீழே நிற்பவனிடம் இருக்கும். கீழே நிற்பவன் இடுப்பில் உள்ளங்கை அகலத்தில் ஒரு உலோகத் துண்டு, அதன் வழியாகக் கயிறு. மேலே உள்ளவன் சறுக்கினால் கீழே உள்ளவன் அதைக் கொண்டுதான் பிடித்து நிறுத்த வேண்டும். கடையில் அதற்கு பிரேக் என்று பெயர். இரண்டு வகை. சாதா பிரேக் லேசானது, கயிறு அதில் தண்ணீர் மாதிரி ஓடும், ஆனால் பிடிப்பதென்னவோ கைதான். கை விட்டால் கயிறும் விட்டுவிடும். பூட்டு பிரேக்கோ கனம், கொஞ்சம் மக்கர் பண்ணும், ஆனால் கயிறு வெடுக்கென்று இழுபட்டால் தானாகவே கவ்விக்கொள்ளும். பெஞ்சு ஆட்கள் அதைக் குழந்தை வண்டி என்பார்கள். பழுத்த வழிகாட்டி எவனும் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்க மாட்டான்.

யாருக்கு எது என்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. பரண்மேல் ஒரு மணல் மூட்டை, அதில் கட்டிய கயிறு, கயிற்றின் மறுமுனையில் பிரேக் மாட்டிய வாடிக்கையாளர். "எந்த ஊரு, எத்தனை பசங்க" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, எதிர்பாராத நேரத்தில் மூட்டையைத் தள்ளிவிடுவாள். கை இறுகினால் சாதா. வாயைப் பிளந்தால் பூட்டு. அதற்குமேல் பேச்சு கிடையாது, மந்திரியே வந்தாலும் கிடையாது.

இந்த மூட்டைக்கு முன்னால் நிற்காத ஒரே ஆள் அவள் புருஷன்.

நிற்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அவருக்கு மலையில் உடும்பு என்று பெயர். பிடித்தால் விடாத கை. முப்பது வருஷ வழிகாட்டி, வழிகாட்டிகள் சங்கத்தில் மூத்தவர், அவர் வந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் டீ கிளாஸை இறக்கி வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பனிப்புயலில், கையுறை பறந்துபோன பிறகும் ஒரு பயணியின் கயிற்றை விடாமல் ஆறு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பயணி பிழைத்துக்கொண்டான். இவருடைய வலது கை விரல்களைப் பனி கடித்துவிட்டது. வெட்டாமல் காப்பாற்றிவிட்டோம் என்று டாக்டர் பெருமைப்பட்டார், ஊரும் பெருமைப்பட்டது. கடைசி மூன்று விரல்களும் இருந்தன, ஆனால் மடங்காது, விரலுக்குள் ஆள் இல்லை.

அது அவளுக்கு மட்டும் தெரியும். காலையில் அவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடுவது அவள். முதல் நாள் "சீக்கிரம் போட்டு விடு, நேரமாச்சு" என்றார். இரண்டாம் நாளும் நேரமாகியிருந்தது. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டு வந்து நின்றார், அவளும் ஒன்றும் கேட்காமல் போட்டுவிட்டாள். இப்படித்தான் பல வீடுகளில் பெரிய விஷயங்கள் பேசாமலே முடிவாகின்றன. சங்கத்தில் பதிவேடு எழுதும் வேலை பார்த்தார். "கை இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்று வெளியே சொல்லிக்கொண்டார். தேறாது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒரு தம்பி, அவளைவிடப் பத்து வயது இளையவன். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு போட்டதும் முதுகில் நாலு போட்டதும் அவள்தான். அவனும் வழிகாட்டியானான். நிதானமான ஆள். அக்கா கொடுக்காத சாமானை இடுப்பில் கட்டமாட்டான். "எங்க அக்கா குடுத்தா யோசிக்காம கட்டிக்கலாம்" என்று பெஞ்சில் சொல்லிச் சொல்லியே கடைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன்.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் மலையின் கிழக்குச் சுவரில் துருப்பிடித்த வளையங்களை மாற்ற இரண்டு பேரைச் சங்கம் அனுப்பும். அந்த வருஷம் தம்பியின் முறை. கூட யார் என்று பேச்சு வந்தபோது, "நான் போறேன், கீழே நின்னு கயிறு பிடிக்கத்தானே" என்றார் உடும்பு. மாமாவை வேண்டாம் என்று எந்த மச்சினன் சொல்லுவான்?

கிளம்புகிற அன்று காலை அவர் கடைக்கு வந்தார். தம்பி வளையங்களை எடுக்கச் சங்க அலுவலகத்துக்குப் போயிருந்தான். பெஞ்சில் மூன்று பேர். எடை குறைவாக இருக்கட்டும் என்று தம்பி முந்தின நாளே ஒரு மெல்லிய புதுக் கயிற்றை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தான். மெல்லிய கயிறு, அதிலும் புதுசு என்றால், வழுக்கும். வேறு யாராவது நல்ல பிடி இல்லாத கையோடு வந்து அந்தக் கயிற்றைக் கேட்டிருந்தால், பூட்டு பிரேக் இல்லாமல் வாசற்படி தாண்ட விட்டிருக்க மாட்டாள். அவள் இழுப்பறையைத் திறந்து பூட்டு பிரேக்கைத்தான் எடுத்தாள். எடுத்து மேஜைமேல் வைத்தும் விட்டாள்.

பெஞ்சில் ஒருவன் பார்த்துவிட்டான். "என்ன அண்ணி, நம்ம அண்ணனுக்கே குழந்தை வண்டியா?"

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பாசத்தில் சிரித்ததுதான். உடும்பு சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவர் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்றைக்கு வாயைத் திறக்காமல் கேட்டார்.

"பழக்கதோஷம், கை தானா எடுத்துடுச்சு" என்று அவளும் சிரித்தாள். பூட்டு பிரேக்கை உள்ளே போட்டுவிட்டு சாதா பிரேக்கை எடுத்து அவர் இடது கையில் வைத்தாள். தம்பி பதினைந்து வருஷத்தில் மூன்று தடவைதான் சறுக்கியிருக்கிறான், இந்தத் தடவையா சறுக்கப்போகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இழுப்பறையை மூடுகிற நேரம்தான் ஆனது. ஊருக்கெல்லாம் முகத்துக்கு நேரே வேணாம் சொன்ன வாய், சொல்லவேண்டிய ஒரே இடத்தில் சிரித்தது.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மாவைச் சாய்வுப் பலகையில் நடக்கவிட்டுக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும், "யாரு?" என்று மட்டும் கேட்டாள். தம்பி என்றான். பழைய வளையம் ஒன்று கையோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அதற்குக் கீழே இருந்த வளையம் நல்ல உறுதியானது, கயிறும் அறுபடவில்லை. கீழே பிடித்திருந்தால் நாலு ஆள் உயரம் விழுந்து, தொங்கி, திட்டிக்கொண்டே மறுபடி ஏறியிருப்பான். கயிறு நிற்காமல் ஓடியிருக்கிறது. தரைவரைக்கும் வந்துவிட்டான்.

கல் விழுந்தது என்றார் உடும்பு. மேலேயிருந்து கல் உருண்டு வந்து தோளில் அடித்தது, தடுமாறிவிட்டேன், கயிறு கையை மீறிப் போய்விட்டது. எல்லோரும் நம்பினார்கள். அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "ஆனைக்கும் அடி சறுக்கும் அண்ணே" என்று ஆறுதல் சொன்னார்கள். ஆனை சறுக்கினால் ஆனை விழும். இங்கே விழுந்தவன் வேறொருவன் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவருடைய வலது கைக் காயத்துக்கு மருந்து போட்டது அவள். கயிறு ஓடிய சூடு உள்ளங்கையில் பட்டை போட்டிருந்தது. கட்டைவிரல் வெந்திருந்தது, ஆள்காட்டி விரல் வெந்திருந்தது. மற்ற மூன்று விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை. பிடித்திருந்தால் அவையும் வெந்திருக்கும். அவை மடங்கவே இல்லை. தோளில், அடி பட்டதாகச் சொன்ன இடத்தில், ஒரு சிவப்புகூடக் கிடையாது. அவள் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்ல. கல்லு விழுந்துச்சு" என்றார்.

அவள் துணியைச் சுற்றினாள்.

"நீ ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற?"

"என்ன சொல்லணும்?"

"விசாரணையில உன்னையும் கூப்பிடுவாங்க. சாமான் சரியா இருந்துச்சான்னு கேப்பாங்க. இருந்துச்சுன்னு சொல்லு, போதும். போனவன் போயிட்டான். என்னையும் எதுக்குக் கொல்லணும்?"

சாமான் சரியாகத்தான் இருந்தது. கயிற்றில் பழுதில்லை, பிரேக்கில் பழுதில்லை, பட்டையில் பழுதில்லை. "சரியா இருந்துச்சு" என்று அவள் சொன்னால் அது பொய்கூட ஆகாது. கல் விழுந்ததால் சாவு என்று சங்கம் எழுதிவிடும். உடும்பின் உரிமச் சீட்டு அவரிடமே இருக்கும். அடுத்த மாதம் வருகிற பயணிகளுக்கு வழிகாட்டியாக அவர் பெயரை ஏற்கெனவே பலகையில் எழுதியிருந்தார்கள்: தகப்பனும் மகளும், முதல் தடவை ஏறுகிறவர்கள். அந்தப் பெயரை அவள் சங்கத்து வாசலில் பார்த்தாள். ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். உண்மையைச் சொன்னால் புருஷன் போவார், கூடவே தன் பெயரும் போகும், தம்பி வீட்டு வாசலையும் இனி மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்தத் தகப்பனும் மகளும் அவர் கையை நம்பி ஏறுவார்கள். ஒன்பது நாள் இதையே கூட்டிக் கழித்துப் பார்த்தாள்.

விசாரணை சங்கத்து மாடியறையில் நடந்தது. ஒரு மேஜை, அதற்குப் பின்னால் மூன்று பேர், மேஜைமேல் சீட்டு கட்டிய கயிறும் பட்டையும் பிரேக்கும். ஜன்னலோரம் தம்பி மனைவி, கையில் ஒரு கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். உடும்பு தன் கதையைச் சொல்லி முடித்திருந்தார். தலைவர் இவளைப் பார்த்து, "உங்களைக் கஷ்டப்படுத்த விரும்பல அம்மா. ஒரே கேள்விதான். சாமானெல்லாம் சரியாப் பார்த்துத்தானே குடுத்தீங்க?" என்று கேட்டார். பேனாவைத் திறந்து, பதிலை எழுதத் தயாராகவே வைத்திருந்தார்.

"இல்ல" என்றாள்.

பேனா நின்றது.

"பிரேக்கு தப்பு. அந்தக் கயித்துக்கு, அந்தக் கைக்கு, பூட்டு பிரேக்குதான் குடுத்திருக்கணும். எடுத்தேன். எடுத்துட்டு உள்ள வெச்சுட்டேன்."

"அந்தக் கைக்குன்னா?"

"அவருக்கு வலது கையில மூணு விரலு மடங்காது. ரெண்டு வருஷமா மடங்காது. தினமும் அவருக்குப் பித்தான் போட்டு விடுறது நான்தான். காயத்தைப் பாருங்க, மூணு விரலும் சுத்தமா இருக்கும்."

யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. உடும்பு கட்டுப் போட்ட கையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

"தெரிஞ்சும் ஏம்மா குடுத்தீங்க?" என்று தலைவர் மெதுவாகக் கேட்டார்.

"நாலு பேர் சிரிச்சாங்க" என்றாள். அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று அவளே ஒன்பது நாளாகத் தேடிப் பார்த்துவிட்டாள். இல்லை.

உடும்பு எழுந்து நின்றார். கத்துவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் குரல் எழும்பவேயில்லை. "அன்னைக்குக் கடையிலேயே இதைச் சொல்லியிருக்கலாம்ல" என்றார். "சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்ல."

"சொல்லியிருக்கணும்" என்றாள்.

அவர் உரிமச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து இடது கையால் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். தலைவர் எழுத ஆரம்பித்தார். அவள் இன்னும் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

மாடிப்படியில் தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தாள். அடிக்கட்டும், காறித் துப்பட்டும் என்று வேணாம் அக்கா அவள் முன்னால் போய் நின்றாள்.

"உங்க தம்பிக்குத் தெரியும் அண்ணி" என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"மாமா கை. டம்ளரை ரெண்டு கையாலதான் பிடிக்கிறாருன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாரு. கிளம்பும்போதே பயந்துக்கிட்டேதான் கிளம்பினாரு. மாமாகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியல அவருக்கு." கைக்குட்டையை மறுபடியும் மடித்தாள். "விழுறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் மலைக் கொட்டகையிலேர்ந்து போன் பண்ணினாரு. குரல் நல்லா தெளிவா இருந்துச்சு. மாமா பையைப் பிரிச்சப்போ பார்த்தேன், சாதா பிரேக்குதான் வெச்சிருக்காரு, அக்கா குடுத்துவிட்டிருக்கு, அப்போ கை சரியாயிடுச்சுன்னு அர்த்தம், நான்தான் சும்மா பயந்துட்டேன்னாரு."

வேணாம் அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களைக் குத்திக் காட்டணும்னு சொல்லல அண்ணி. அன்னைக்கு ராத்திரி அவரு பயமில்லாமத் தூங்கியிருப்பாரு. அது உங்களுக்குத் தெரியணும்னுதான் சொன்னேன்."

தம்பி மனைவி ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள். வேணாம் அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்ட வந்த காவலாளி இரண்டு முறை கூப்பிட்டும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.